கரையோர ஊரிலிருந்து பொறியியல் பீடம் வரை: யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக ஓடுகிறது. ஆனால் வீட்டில் உயர்தரம் படித்தவர் யாரும் இல்லை, கையில் காசும் இல்லை. அப்படியான குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கடற்றொழில், கூலி வேலை, தையல், தோட்டம் என்று வாழும் வீடுகள், தாய் தனியாகக் குடும்பம் கொண்டு நடத்தும் வீடுகள், அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

வடமராட்சி கிழக்கில் வளர்ந்த என் அண்ணாவின் மகளுக்காகப் பத்தாம் வகுப்பிலிருந்து நான்தான் ஓடித் திரிந்தேன். இப்போது அவள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறாள். படிப்பு அவளுடைய வேலை, அதை அவள் குறைவில்லாமல் செய்தாள். எங்களை அலைக்கழித்தது மற்றதெல்லாம்தான்: எந்தப் படிவம், எந்த மாதம், யாருடைய கையொப்பம், எந்தப் பாடத்தை விட்டால் எந்தத் துறை கிடைக்காமல் போகும். படித்த குடும்பங்களில் பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டுக் கதையிலேயே தெரிந்துகொள்வார்கள். எங்கள் ஊரில் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் பரீட்சையில் தோற்றுப்போவதைவிட இந்த இடங்களில் தவறிப்போவதைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

1. ஒரு பெரியவர் பொறுப்பெடுங்கள், ஒரு பைல் தொடங்குங்கள்

தகப்பனோ தாயோதான் பொறுப்பெடுக்க வேண்டும் என்றில்லை. மாமி, சித்தப்பா, பக்கத்து வீட்டு ரீச்சர் என்று யாராகவும் இருக்கலாம். ஆனால் ஒருவராக இருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் பொறுப்பு என்றால், திகதி முடிந்த பிறகுதான் "நீ பார்த்தாய் என்று நினைத்தேன்" என்ற கதை வரும்.

பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

பிறப்புச் சான்றிதழ். பிரதேச செயலகத்தில் எடுத்த பிரதிகள் குறைந்தது மூன்று கையில் இருக்கட்டும். பிள்ளை முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ பிறந்திருந்தாலும், பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் உங்கள் பிரதேச செயலகத்திலேயே பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை விரைவாக முடியும். தெரியாவிட்டால் தேடுவதற்குத் தனிக் கட்டணமும் கூடுதல் நேரமும் போகும். அதனால் பழைய பிரதி ஒன்றையாவது எறியாமல் வையுங்கள்.

தேசிய அடையாள அட்டை. 15 வயது பூர்த்தியானதும் விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளை என்றால் விண்ணப்பம் அதிபர் வழியாகப் போகும். படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். ஊர்க் கடையில் எடுத்த படத்தைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள், பஸ் காசும் ஒரு நாள் உழைப்பும் வீண்.

பாடசாலை விடுகைப் பத்திரங்கள். பிள்ளை இரண்டு மூன்று பாடசாலை மாறியிருந்தால் ஒவ்வொன்றிலும் எடுத்த பத்திரம் வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தின்போது இதைக் கேட்பார்கள். இடப்பெயர்வுக் காலத்தில் மாறிய பாடசாலை, இப்போது மூடிக் கிடக்கும் பாடசாலை என்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டிவரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

வதிவிடச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும். இரண்டையும் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்க வேண்டும். இவை பழசானால் செல்லாது. ஆகவே முன்கூட்டி எடுத்து அடுக்காதீர்கள், தேவைப்படும் மாதத்தில் எடுங்கள். விதானையார் எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்பதை மட்டும் தெரிந்து வையுங்கள். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கும் குடும்பம் என்றால் அதற்கான கடிதத்தின் பிரதியையும் பைலில் வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய மிகப் பெரிய விஷயம் பெயர். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துகள் இன்னொரு மாதிரி, பாடசாலை இடாப்பில் வேறு மாதிரி என்றால் பின்னுக்கு ஒவ்வொரு மேசையிலும் நிறுத்துவார்கள். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துச் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். சில இடங்களில் அது போதும், சில இடங்களில் போதாது. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் பெயர் ஏறும் முன்பே ஆங்கில எழுத்துகளை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அது நாள் எடுக்கும் வேலை.

2. பிள்ளையின் பாடசாலை எந்த வகை என்று கேளுங்கள்

இலங்கையில் அரச பாடசாலைகள் வகை பிரிக்கப்பட்டவை. 1ஏபி வகையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருக்கும். 1சி வகையில் உயர்தரம் இருக்கும், ஆனால் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். யாழ். மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி வலயங்களில் கணிதப் பிரிவுள்ள பாடசாலைகளுக்குக் குறைவில்லை. தீவகத்திலும் கரையோரத்திலும் கதை வேறு. பெயரளவில் பிரிவு இருக்கும், இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கமாட்டார்.

இதை ஏன் பத்தாம் வகுப்பிலேயே கேட்கச் சொல்கிறேன் என்றால், 1சி பாடசாலையில் படிக்கும் பிள்ளை சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தாலும், அங்கேயே தொடர்ந்தால் கலையோ வர்த்தகமோதான் எடுக்கும். யாரும் தடுத்ததாக இருக்காது. சிநேகிதர்கள் அங்கே, வீடு பக்கம், பஸ் காசு மிச்சம் என்று பிள்ளை தானாகவே தங்கிவிடும். எங்கள் ஊரில் இப்படி நின்றுபோன பிள்ளைகளைப் பெயர் பெயராகச் சொல்ல என்னால் முடியும்.

அதிபரிடமும் கணித ஆசிரியரிடமும் நேரே போய்க் கேளுங்கள்: "சேர், இந்தப் பிள்ளை கணிதப் பிரிவுக்குப் போகக்கூடிய பிள்ளையா?" ஊர்ப் பாடசாலை ஆசிரியர்கள் பலர் இந்தக் கேள்விக்காகக் காத்திருப்பவர்கள். எங்களுக்கு முதலில் வழி காட்டியவரும் அப்படியொரு ரீச்சர்தான். எதிர்மாறாக, "உங்கட ஆக்களுக்கு ஏன் கணிதம்? சுகமான பாடத்தை எடுத்து ஒரு வேலைக்குப் போகட்டும்" என்று சொல்பவர்களும் இருப்பார்கள். அந்தக் கதையைப் பிள்ளையின் காதுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

3. சாதாரண தரம் எழுதிய பிறகு வரும் மாதங்கள்

பரீட்சைக்கும் பெறுபேறுக்கும் இடையில் நாலு மாதமளவு போகும். 2024 ஆம் ஆண்டுக்கான சாதாரண தரம் 2025 மார்ச்சில் நடந்து ஜூலையில் பெறுபேறு வந்தது. இந்த இடைவெளியில்தான் வசதியுள்ள பிள்ளைகள் உயர்தர இணைந்த கணிதமும் பௌதிகவியலும் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் பிள்ளை பெறுபேறு வரும் வரை சும்மா இருந்தால் வகுப்புக்குள் போகும்போதே பின்தங்கியிருக்கும்.

ரியூட்டறிக்கு அனுப்பக் காசில்லை என்றால், தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட உயர்தர வளநூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் அதன் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. இணைந்த கணிதத்தில் அட்சரகணிதம், திரிகோணகணிதம் இரண்டையும் இந்த மாதங்களில் நன்றாகப் பிடித்துவிட்டால் மிச்சம் இலேசாகும். அதோடு ஆங்கிலமும். அது ஏன் என்று பின்னுக்குச் சொல்கிறேன்.

4. பாடசாலை மாறுதல்

பெறுபேறு வந்து சில வாரங்களுக்குள் இது முடிய வேண்டும். கணிதப் பிரிவுக்குக் கணிதத்தில் குறைந்தது சி வேண்டும், விஞ்ஞானத்திலும் சித்தி வேண்டும். அதுதான் அடிமட்டம். பெயர்பெற்ற பாடசாலைகள் இரண்டிலும் ஏ எதிர்பார்க்கும், இடம் இருந்தால்தான் எடுக்கும். யாழ். இந்துக் கல்லூரி, வேம்படி, ஹாட்லி, மகாஜனா, சாவகச்சேரி இந்து என்று கணிதப் பிரிவுக்குப் பேர்போன பாடசாலைகள் வலயத்துக்கு வலயம் உள்ளன. தேசியப் பாடசாலை என்றால் சில ஆண்டுகளில் கல்வி அமைச்சு இணையவழியாக விண்ணப்பம் கோரும், மாகாணப் பாடசாலை என்றால் அதிபரிடம் நேரே விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று பாடசாலைகளுக்குக் கொடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், நற்சான்றிதழ், வதிவிடச் சான்றிதழ், பிள்ளை பங்குபற்றிய போட்டிகளின் சான்றிதழ்கள். மூலப் பிரதிகளை ஒரு நாளும் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுங்கள்.

செலவில் வசதிக் கட்டணமும் அபிவிருத்திச் சங்கப் பணமும் இருக்கும். அனுமதிக்காக "நன்கொடை" என்று பெரிய தொகை யாராவது கேட்டால் அதற்குச் சுற்றறிக்கையில் இடமில்லை. எழுத்தில் கேளுங்கள், கேட்டவுடன் பேச்சு மாறும். எழுதித் தராமல் தொகையை மட்டும் வற்புறுத்தினால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

தூரத்தை முதலிலேயே கணக்குப் பார்த்து வையுங்கள். மருதங்கேணியிலிருந்தோ, குறிகட்டுவானில் படகு இறங்கி வரும் நெடுந்தீவிலிருந்தோ நாள்தோறும் போய்வந்து கணிதப் பிரிவு படிக்க முடியாது. விடுதியுள்ள பாடசாலையைத் தேடுங்கள், அல்லது நம்பக்கூடிய உறவினர் வீடு. உறவினர் வீடு என்றால் பிள்ளைக்கு அங்கே வீட்டு வேலை எவ்வளவு, படிக்க மேசையும் வெளிச்சமும் உண்டா என்று முதலிலேயே பேசித் தீருங்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதைப் பேச வெட்கப்படக்கூடாது. போய்வரக்கூடிய தூரம் என்றால் இ.போ.ச. பருவகாலச் சீட்டு எடுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சலுகை விலை, படிவத்தில் அதிபரின் கையொப்பம் வேண்டும்.

மாவட்டம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் போகிறது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அந்த 16க்குள் வரும். பிள்ளையின் மாவட்டத்தை வீட்டு விலாசத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை. உயர்தரத்துக்கு முந்தைய வருடங்களில் படித்த பாடசாலையை வைத்தே பார்ப்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளை "நல்ல பள்ளிக்கூடம்" என்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் பெற்றோர் இதை அறியாமல் செய்கிறார்கள். யாழ். மாவட்டத்தில் போட்டி அதிகம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இந்த விதி விரிவாக இருக்கிறது. பாடசாலை மாற்ற முன் அந்தப் பக்கத்தை வாசியுங்கள்.

5. பாடத் தெரிவு: இங்கே பிழைத்தால் திருத்துவது கடினம்

பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். "இரசாயனம் கஷ்டம், பதிலுக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுக்கலாம், கணிதப் பிரிவுதானே" என்று பதினாறு வயதில் சிநேகிதர்கள் சேர்ந்து முடிவெடுப்பார்கள். அப்படி எடுத்தால் கணினி விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் போன்ற துறைகளுக்கு வழி உண்டு, பொறியியலுக்கு இல்லை. பிள்ளை தெரிந்துகொண்டு எடுத்தால் சரி. தெரியாமல் எடுத்துவிட்டுப் பதின்மூன்றாம் வகுப்பில் அறிந்து அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த பொறி தொழில்நுட்பப் பிரிவு. 2013 இல் தொடங்கிய இந்தப் பிரிவில் "பொறியியல் தொழில்நுட்பம்" என்று ஒரு பாடம் உண்டு. பெயரில் பொறியியல் இருப்பதால் அதுவும் எஞ்சினியர் படிப்புக்குத்தான் போகும் என்று நினைக்கிறார்கள். அது தொழில்நுட்பப் பீடங்களின் பட்டத்துக்குப் போகும் பாதை. நல்ல பாதைதான், செய்முறையில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமும்கூட. யாழ். பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பீடமும் அறிவியல் நகரில்தான் இருக்கிறது. ஆனால் பொறியியல் பீடத்துக்கு அந்தப் பிரிவிலிருந்து போக முடியாது.

6. உயர்தரக் காலத்துப் பணம்

பாடசாலைப் படிப்பு இலவசம். கையைக் கடிப்பவை ரியூசன், பஸ், சாப்பாடு, போட்டோப்பிரதி. மூன்று பாடத்துக்கும் ரியூசன் என்றால் ஒரு பாடத்துக்கு மாதம் சில ஆயிரம் ரூபாய், அதோடு தியறிக்கு ஒன்று, ரிவிஷனுக்கு ஒன்று, பேப்பர் வகுப்புக்கு ஒன்று என்று பெருகும்.

உதவிகள் இருக்கின்றன, கேட்டால்தான் வரும். தரம் 5 புலமைப்பரிசில் பெற்ற பிள்ளை என்றால் மாதக் கொடுப்பனவு தொடர்ந்து வரவேண்டும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 750 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. பாடசாலை மாறும்போது அந்தக் கொடுப்பனவு இடையில் அறுந்துபோவது வழமை, புதிய பாடசாலை அலுவலகத்தில் உடனே பதியுங்கள். ஜனாதிபதி நிதியம் அண்மைய ஆண்டுகளில் சாதாரண தரம் சித்தியடைந்து உயர்தரம் போகும் வசதி குறைந்த பிள்ளைகளைக் கல்வி வலயம் வாரியாகத் தெரிந்து 24 மாதங்கள் வரை மாதக் கொடுப்பனவு தந்திருக்கிறது. விண்ணப்பம் அதிபர் வழியாகப் போகும். பிள்ளை பாடசாலை மாறும் நேரத்திலேயே அறிவித்தல் வருவதால், புதிய பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்று பழைய பாடசாலை நினைக்கும், பழைய பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்று புதிய பாடசாலை நினைக்கும். இரண்டிலும் கேளுங்கள். வருமானச் சான்றிதழ் இதற்குக் கட்டாயம்.

பழைய மாணவர் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் பலவும் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கின்றன. கடிதம் எழுதும்போது "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், எத்தனை மாதம், எதற்கு, எவ்வளவு என்று எழுதுங்கள். பெறுபேற்றுத் தாளையும் அதிபரின் கடிதத்தையும் இணையுங்கள். காசு தருகிறவர் பிள்ளையின் படத்தை முகநூலில் போட வேண்டும் என்றால் மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நாங்கள் மறுத்தோம், உதவி நிற்கவில்லை.

ரியூட்டறி ஆசிரியர்களிடமும் வாய் திறந்து கேளுங்கள். கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிக் காசு வாங்குபவர்களும் வாங்காமலே விடுபவர்களும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். பிள்ளையைக் கேட்க விடாதீர்கள், பெரியவர் போய்த் தனியாகக் கதையுங்கள்.

7. படிக்கும் இரண்டு வருடங்களில் பெரியவர் பார்க்க வேண்டியவை

வரவு. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். ரியூசனுக்காகப் பாடசாலையை வெட்டும் பழக்கம் பதின்மூன்றாம் வகுப்பில் பரவலாக இருக்கிறது. நகரத்துப் பிள்ளை எப்படியும் சமாளிக்கும், ஆள்பலம் இல்லாத வீட்டுப் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

பேப்பர். பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். நேரம் வைத்துச் செய்து பழகாத பிள்ளை அறிவிருந்தும் முடிக்காது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் மாதிரிப் பரீட்சைகளைப் பிள்ளை தவறவிடாமல் எழுதட்டும். வடக்கில் தன் நிலை எது என்று அதில் தெரியும். கடந்தகால வினாத்தாள்களைப் புத்தகமாக வாங்கக் காசு இல்லாவிட்டால் யாழ். பொது நூலகத்தில் பாருங்கள். வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்கு இருந்து படிக்கவும் அது நல்ல இடம்.

பொதுச் சாதாரணப் பரீட்சை. உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொது அறிவுப் பத்திரம் இது. இதில் 30 புள்ளி எடுக்காவிட்டால் மூன்று ஏ இருந்தும் பல்கலைக்கழக அனுமதி இல்லை. இதற்கு ரியூசன் தேவையில்லை, ஆனால் பிள்ளை தூங்காமல் போய் எழுத வேண்டும்.

முதல் தடவையிலேயே எல்லாம் சரிவர வேண்டும் என்று பிள்ளையை நெருக்காதீர்கள். மூன்று தடவை தோற்றலாம். இரண்டாம் தடவை எழுதிப் பொறியியல் போனவர்கள் நிறைய. வீட்டில் வருமானம் தேவைப்படும்போது அந்த இரண்டாவது வருடத்தைத் தாங்குவதுதான் கஷ்டம், அதற்கு முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்குங்கள்.

8. பெறுபேறு வந்த நாளிலிருந்து

2024 உயர்தரம் நவம்பர் இறுதியில் தொடங்கி, பெறுபேறு 2025 ஏப்ரல் இறுதியில் வந்தது. பெறுபேற்றில் மூன்று எழுத்துகளையும் விட முக்கியம் இசட் புள்ளி, அதாவது வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணக்கிடும் புள்ளி. பல்கலைக்கழக அனுமதிக்கு அதைத்தான் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மீள்பரிசீலனைக்கு உடனே விண்ணப்பியுங்கள், அதற்குத் தரும் காலம் குறுகியது.

அதற்குப் பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூலை வெளியிட்டு விண்ணப்பம் கோரும். கைநூல் தமிழிலும் உண்டு, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, கையொப்பங்கள் வைத்து, ஆவணங்களோடு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். இணையத்தில் நிரப்பியதோடு முடிந்தது என்று நினைத்துத் தபாலில் போடாமல் விட்ட பிள்ளைகள் உண்டு. பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பைலில் வையுங்கள். தொடர்பாடல் சென்ரரில் நிரப்புவதானால், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், கடைக்காரருடையதாக இருக்கக்கூடாது. தொலைபேசி இலக்கமும் அடுத்த இரண்டு வருடத்துக்கு மாற்றாத இலக்கமாக இருக்கட்டும்.

விருப்ப ஒழுங்கு மிக முக்கியம். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனி இலக்கம் உண்டு. பொறியியல் மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம், ருகுணு, தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. "எனக்குக் கிடைக்குமா" என்று பார்த்து ஒழுங்குபடுத்தாதீர்கள். உண்மையில் எது முதல் விருப்பமோ அதை முதலில் போடுங்கள், மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதைப் பார்ப்பார்கள், அதனால் நட்டமில்லை. கடந்த வருட வெட்டுப்புள்ளியை (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளியை) ஒரு அளவுக்குப் பாருங்கள், அது ஒவ்வொரு வருடமும் மாறும். பட்டியலைப் பாதியில் நிறுத்தாமல், பொறியியலுக்குப் பிறகு திருநெல்வேலியில் இருக்கும் விஞ்ஞான பீடம், வவுனியாப் பல்கலைக்கழகம் என்று பிள்ளை படிக்கச் சம்மதமான எல்லாவற்றையும் போடுங்கள். கட்டிடக்கலை போன்ற சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக எழுத வேண்டும். ஒருமுறை அரச பல்கலைக்கழகத்தில் பதிந்துவிட்டால் அடுத்த வருடம் வேறு துறைக்கு முயல்வது பெரும்பாலும் முடியாது. இரண்டாம் தடவை எழுதும் எண்ணம் இருந்தால் பதிய முன் யோசியுங்கள்.

விண்ணப்பத்துக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் ஒரு வருடமளவும் போகலாம். அந்த நேரத்தில் பிள்ளையை ஏதாவது வேலைக்கு அனுப்பினால், ஆங்கிலத்துக்கு மாலையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். பொறியியல் முழுவதும் ஆங்கிலத்தில்தான். தமிழில் ஏ எடுத்த பிள்ளைகள் முதல் அரையாண்டில் தடுமாறுவது பாடம் விளங்காமல் அல்ல, விரிவுரையைக் கேட்டு எழுத முடியாமல்தான்.

9. அனுமதி கிடைத்த பிறகு

படிப்புக் கட்டணம் இல்லை. பதிவுக்குச் சிறு தொகை, அறை, சாப்பாடு, மடிக்கணினி, இவைதான் செலவு. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் கிடைக்கும் உதவித்தொகைகளான மகாபொலவுக்கும் பேர்சரிக்கும் வருமானச் சான்றிதழ் புதிதாக எடுங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 இலிருந்து 7,500 ரூபாயாகவும், பேர்சரி 4,000 இலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்ந்தன. மகாபொல கிடைக்காத பிள்ளை பேர்சரிக்கு முயல வேண்டும். எது என்றாலும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும். ஆகவே முதல் நாலைந்து மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேறு ஏற்பாடு வேண்டும். இந்த இடத்தில்தான் ஊர்ச் சங்கங்களின் உதவி மிகப் பயன்படும், கேட்பதானால் இதற்குக் கேளுங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கை முன்பே திறந்து வையுங்கள்.

பகிடிவதை பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். வசதி குறைந்த பிள்ளை உடுப்பு, பேச்சு, ஊர் என்று இலக்காகி, யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடும். "எந்த நேரமும் எனக்கு எடு" என்று சொல்லி அனுப்புங்கள், எடுத்தால் உடனே போங்கள். பீடத்தில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.

10. பொறியியல் பீடம் கிடைக்காவிட்டால்

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் தியகமவில் மூன்று வருட தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா நடத்துகிறது. அதற்கான விண்ணப்பம் தனியாகக் கோரப்படும், பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு சேராது. அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழகக் கல்லூரி மூன்றும் உள்ளன. அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) 5, 6 மட்டங்களுக்குப் போய், அதற்குப் பிறகு தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை படிக்கலாம். வேலை செய்துகொண்டு படிக்க வேண்டிய பிள்ளைக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம் உண்டு, யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் உண்டு. கட்டணம் கட்ட வேண்டும், தவணையாகக் கட்ட முடியுமா என்று நிலையத்தில் கேளுங்கள்.

தனியார் நிறுவனங்கள் பெறுபேறு வந்த வாரமே தொலைபேசி எடுக்கும். வீட்டு உறுதியை ஈடு வைத்து முற்பணம் கட்ட முன், அந்தப் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரமும், பொறியியல் பட்டம் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரமும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை அசல் சான்றிதழ் எதையும் கொடுக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற சில கற்கைநெறிகளுக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடன் உண்டு, அதற்கும் விண்ணப்பத் திகதி தனி. அறிவித்தலைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள்.